விதி வகுப்பவர் யார்?
தீவகத்துச் சங்கங்களும் தன்னியங்கு கடிதப்போக்கும்

‘நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை’ என்பது இன்றைய கணினி வணிகத்தின் தாரக மந்திரமாகிவிட்டது. மின்னஞ்சலோடு வந்து சேரும் கோப்பை எடுத்து, தொலைவிலுள்ள பெருங்கணினிகளிலே அமைந்த முகிற் சேமிப்பகத்தின் உரிய உறையில் இடுதல். உறையிலே புதிய கோப்பொன்று சேர்ந்ததும் அதனை அறிய வேண்டியவருக்கு மடல் அனுப்புதல். வந்த மடலுக்குக் ‘கிடைத்தது’ என மறுமொழி விடுத்தல் ஆகிய எழுதுவினைஞர் பணிகளை மனிதக் கை படாமலே நிகழ்த்தித் தரும் சேவைகள் பல தோன்றியுள்ளன. 2011ஆம் ஆண்டளவிலே ஐ.எவ்.ரி.ரி.ரி., ஸாப்பியர் ஆகியன வந்தன. 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ‘ஃப்ளோ’ என்ற பெயரிலே வெளியிட்ட சேவை 2019இல் ‘பவர் ஒட்டோமேற்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. நிரலாக்கம் கற்றவர்க்கு மட்டுமே உரியதாயிருந்த ஓராற்றல், படிவமொன்றை நிரப்பத் தெரிந்த எவர்க்கும் உரியதாகியுள்ளது என்பது மறுக்கவியலாத உண்மையாகும்.

இவ்வுண்மையைத் தீவகத்தின் கண்கொண்டு நோக்குவோரிடையே இரு சாராரைக் காணலாம். ஒரு சாரார் வணிகரின் வாசகத்தை அப்படியே ஏற்று, பொத்தானை அழுத்திவிட்டால் சங்கத்தின் கருமங்கள் தாமே நடைபெறும் எனக் கருதுவர். மறுசாரார், படகும் குடிநீரும் வைத்தியரும் வேண்டி நிற்கும் தீவுகளுக்கு மின்னஞ்சலும் முகிலும் ஒரு கேடா என எள்ளி நகையாடுவர். ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விரு நோக்குகளும் ஈற்றிலே ஒரே இடத்திற்குத்தான் இட்டுச் செல்கின்றன. கருமம் நடைபெற வேண்டிய ஒழுங்கை வகுக்கும் பொறுப்பை இரு சாராரும் பிறரிடமே விட்டுவிடுகின்றனர். நிரல் வேண்டியதில்லை என்பது சிந்தனை வேண்டியதில்லை என்பதாகாது. தீவகத்து மக்களின் கடிதங்களும் பதிவேடுகளும் எவ்வொழுங்கிலே செல்லவேண்டும், எங்கே தங்கவேண்டும், எவர் கையிலே முடியவேண்டும் என்பவற்றைத் தீவகத்தாரே வகுத்தல் வேண்டும் என்பதே ஈண்டு வலியுறுத்தப்படுவது.

1. விதியின் இலக்கணம்

இச்சேவைகளின் உள்ளமைப்பு வியப்புக்குரியதொன்றன்று. ஒவ்வொரு தன்னியங்கு ஒழுங்கும் மூன்று உறுப்புகளை உடையது. யாதேனும் ஒன்று நிகழ்தல் முதலாவது உறுப்பு. அந்நிகழ்ச்சி இன்ன தன்மையதாயின் என வரையறுக்கும் நிபந்தனை இரண்டாவது. அப்பொழுது செய்யப்படவேண்டிய வினை மூன்றாவது. ‘சங்கத்தின் முகவரிக்கு மடலொன்று வந்தால், அதன் தலைப்பிலே நன்கொடை என்ற சொல் இருந்தால், இணைந்துள்ள கோப்பை இவ்வாண்டின் பற்றுச்சீட்டு உறையிலே வை, பொருளாளருக்கும் கணக்காய்வாளருக்கும் அறிவி’ என்பது ஒரு முழுமையான விதி. ஐ.எவ்.ரி.ரி.ரி. என்ற பெயரும் ‘இது நிகழின் அது செய்க’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாலானதே.

இத்தகைய விதியொன்று தீவகத்திற்குப் புதியதன்று. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே காணப்படும் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குரியது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டிலே ஆராய்ந்து வெளியிட்ட அச்சாசனம், ஊராத்துறை எனப்பட்ட இன்றைய ஊர்காவற்றுறைக்கு வந்து சேரும் பிறநாட்டு வணிகரைப் பற்றியது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு அரச பண்டாரத்தைச் சேரவேண்டும், எஞ்சிய முப்பங்கும் உடையவனுக்குரியது. வணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு என்பது அதன் சாரம். நிகழ்ச்சி, நிபந்தனை, வினை ஆகிய மூன்றும் இங்கே தெளிவுற அமைந்துள்ளன. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்விதியை வகுத்தோர் நிரலாக்கம் கற்றவரல்லர். துறைமுகத்திலே என்ன நிகழும் என்பதை அறிந்தவராயிருந்தனர். அவ்வறிவே விதி வகுத்தற்கு வேண்டப்படுவது.

அக்கல்வெட்டு வேறு இரு பாடங்களையும் புகட்டுகின்றது. முதலாவது மொழி பற்றியது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னனுடைய ஆணை, ஊராத்துறையிலே புழங்கியோர்க்கு விளங்கத்தக்கதாகத் தமிழிலே பொறிக்கப்பட்டது. இரண்டாவது பங்கு பற்றியது. உடைந்த கலத்தின் சரக்கிலே பாதியைப் பெற்றது விதியை வகுத்தவனின் பண்டாரமே. விதியை வகுப்பவன் தனக்குரிய பங்கை அதனுள்ளேயே எழுதி வைத்துக்கொள்வான் என்பது அரசர் காலத்து உண்மை மட்டுமன்று. இன்றைய நிறுவனங்களின் காலத்து உண்மையுமாகும்.

2. கடலும் கடதாசியும்

தீவகத்திலே கடிதம் என்பது வெறுங் கடதாசியன்று; அது ஒரு பயணம். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் முதலியன தாம்போதிகளாலும் பாலங்களாலும் இணைக்கப்பட்டுள்ளன. ஆயின் நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கிலும் வாழும் மக்களுக்குக் கடலைத் தவிர வேறு வழியில்லை. நயினாதீவு வாசியின் பிரதேச செயலகம் வேலணையிலே உள்ளது. அனலைதீவாரும் எழுவைதீவாரும் ஊர்காவற்றுறைக்குச் செல்லவேண்டும். நெடுந்தீவுக்குத் தனியான பிரதேச செயலகம் உண்டெனினும், மாவட்டச் செயலகம், மாகாணத் திணைக்களங்கள் ஆகியவற்றின் கருமங்களுக்கு ஒரு மணி நேரமளவு படகிலே குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பேருந்திலே புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம் சேரவேண்டும். வாடைக்காற்று வீறுகொள்ளும் மாதங்களிலே படகு ஓடாத நாள்களும் உண்டு. ‘பிரதியொன்று குறைகிறது, நாளை வாருங்கள்’ என்ற வாசகம் யாழ்ப்பாண நகரவாசிக்கு அரைமணி நேரத்துச் சினம். நெடுந்தீவு வாசிக்கோ அது ஒரு நாட் கூலியின் இழப்பு. சிலவேளை ஓரிரவுத் தங்கலின் செலவு.

இப்பயணத்தின் பாரத்தை வரலாறு மேலும் கூட்டியுள்ளது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளின்போது தீவகத்தின் ஊர்கள் பல வெறுமையாயின. வீட்டைவிட்டு ஓடியோர் எடுத்துச் சென்றவை சில. விட்டுச் சென்றவை பல. காணி உறுதிகளும் பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளும் சங்கங்களின் கூட்டறிக்கைப் புத்தகங்களும் கோயிற் கணக்கேடுகளும் அவ்வாறு அழிந்தவற்றுள் அடங்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டமை தமிழ்ச் சமூகம் முழுவதும் அறிந்த பேரிழப்பு. ஒற்றைப் பெட்டகத்திலே கிடந்த ஊர்ச் சங்கமொன்றின் ஏடுகள் கரையானுக்கும் உப்புக்காற்றுக்கும் இரையாவது எவரும் அறியாத சிற்றிழப்பு. இரண்டின் படிப்பினையும் ஒன்றே: பிரதி இல்லாத ஆவணம் பாதி அழிந்த ஆவணமாகும். இதனை உணர்ந்தோரின் முயற்சியால் 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் காத்துவருகின்றது. அச்சேறியவற்றுக்கு அவ்வாறு ஓர் அரண் அமைந்துள்ளது. ஆயின் அச்சேறாத கடிதங்களுக்கும் பற்றுச்சீட்டுகளுக்கும் கூட்டறிக்கைகளுக்கும் அவ்வச் சங்கமே அரணாதல் வேண்டும்.

தீவகத்துச் சங்கத்தின் கடிதப்போக்கு இன்று கடல் கடந்து விரிந்துள்ளமையும் நோக்கற்பாலது. ஊரிலே சனசமூக நிலையமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் இயங்க, அவற்றின் உறுப்பினரும் உபகாரிகளும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்கின்றனர். பாடசாலைக்குக் கட்டடம், கோயிலுக்குத் திருப்பணி, மாணவர்க்குப் புலமைப்பரிசில் எனப் பணம் வருகின்றது. அதனோடு கேள்விகளும் வருகின்றன. பணம் கிடைத்ததா, எதற்குச் செலவாயிற்று, பற்றுச்சீட்டு எங்கே என்னும் இக்கேள்விகள் நியாயமானவை. இவற்றுக்கு விடையளிக்க வேண்டியவரோ பகலிலே பாடசாலையிலே கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அல்லது இளைப்பாறிய அலுவலர் ஒருவர். ஊதியமின்றிச் செயலாளர் பதவியைச் சுமப்பவர். மறுமொழி தாமதித்தால் ஐயம் பிறக்கின்றது, ஐயம் பிளவாகின்றது. இடத்தால் மட்டுமன்றி நேரத்தாலும் பிரிந்து கிடக்கும் ஒரு சமூகத்திலே, நள்ளிரவில் வந்த மடலுக்கு அக்கணமே ‘கிடைத்தது’ என்று பதில் செல்வதும், அதன் பற்றுச்சீட்டு ஊரிலும் வெளிநாட்டிலும் உள்ள இருவர் கண்ணுக்கும் ஒரே வேளையிலே தெரிவதும் ஆடம்பரங்களல்ல. அவை நம்பிக்கையின் அடித்தளங்களாகும்.

இங்கே இத்தொழினுட்பத்தின் ஒரு சிறப்பைக் குறிப்பிடாமற் செல்லுதல் நேர்மையன்று. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையமைப்போடு இணையாத தீவுகள். இந்திய நன்கொடையோடு அங்கே கலப்பு மின்திட்டங்களை அமைப்பதற்கான உடன்படிக்கை 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கைச்சாத்தாயிற்று. விதியோ தீவிலுள்ள கணினியிலே இயங்குவதன்று. தொலைவிலுள்ள பெருங்கணினியிலே இயங்குவது. எனவே தீவிலே மின் தடைப்பட்டாலும், அலைபேசிக் கோபுரம் செயலிழந்தாலும், கடல் கொந்தளித்துச் செயலாளர் யாழ்ப்பாணத்திலே தங்க நேர்ந்தாலும் சங்கத்தின் எழுதுவினை தடைப்படாது. கணினிப் பொறியியலாளர் ஒருவரைக் கொழும்பிலிருந்து வருவிக்கவேண்டிய தேவையும் இல்லை. தொழினுட்பம் தீவுகளுக்கு ஒவ்வாது என்போர் தீவுகளையும் அறியார், தொழினுட்பத்தையும் அறியார்.

3. பெட்டி யாருடையது?

ஆயின் வணிகரின் வாசகத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவோர்க்குக் காத்திருக்கும் ஆபத்து சிறிதன்று. சங்கத்தின் கோப்புகளை ஓர் இளைஞர் தமது சொந்தக் கூகுள் கணக்கிலே சேமிக்கின்றார் எனக் கொள்வோம். ஆர்வத்தாற் செய்வது அது, குற்றங் கூறற்குரியதன்று. அவரே தமது கணக்கோடு விதிகளையும் பிணைக்கின்றார். ஈராண்டிலே அவர் வெளிநாடு செல்கின்றார், அல்லது வேறு கணக்கைத் திறக்கின்றார், அல்லது இறைபதமெய்துகின்றார். கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே மாதத்திலே அறிவித்த கொள்கையின்படி, ஈராண்டு பயன்படுத்தப்படாத தனியாள் கணக்கை, அதிலுள்ள மடல்களோடும் கோப்புகளோடும் அது அழித்துவிடலாம். அவ்வாறு அழித்தலை அவ்வாண்டு டிசம்பர் மாதத்துக்கு முன்னர் தொடங்குவதில்லை எனவும் அறிவித்தது. பலரும் பகிர்ந்துகொண்ட உறையாயினும், தனியாள் கணக்கிலிருந்து ஏற்றப்பட்ட கோப்பின் உரிமை ஏற்றியவரிடமே நிற்கும். அவர் கணக்கு அழியின் அக்கோப்பும் அழியும். இரும்புப் பெட்டகத்தின் திறப்பைப் பொருளாளர் இடுப்பிலே செருகிக்கொண்டு ஊரைவிட்டுப் போன கதைக்கும் இதற்கும் வேறுபாடு ஒன்றே: பெட்டகத்தையாவது உடைக்கலாம்.

இலவசம் என்ற சொல்லையும் ஆராய்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே, கூகுளின் புதிய பாதுகாப்பு விதிகளைத் தொடர்ந்து, ஜிமெயிலுக்கு மடல் வந்ததும் தொடங்கும் விதிகளை ஐ.எவ்.ரி.ரி.ரி. கைவிட்டது. அதுவரை அவற்றை நம்பியிருந்தோரின் ஒழுங்குகள் ஒரே நாளிலே நின்றன. 2020ஆம் ஆண்டு செப்டெம்பரிலே அதே நிறுவனம் கட்டணச் சேவையை அறிமுகஞ் செய்து, இலவசப் பயனர் தாமே அமைக்கும் விதிகளை மூன்றாகக் குறைத்தது. தனியார் நிறுவனம் தன் இலாபத்தை நோக்குவது இயல்பே. ஆனால் அவ்வியல்பை மறந்து, ஊரின் நினைவையெல்லாம் அதன் கையிலே ஒப்படைப்பதைப் பேதைமை என்னாமல் வேறென்னென்பது? ஊராத்துறையிலே உடைந்த கலத்தின் பங்கு போல, இங்கும் விதியை வகுத்தவரின் பங்கு விதிக்குள்ளேயே எழுதப்பட்டுள்ளது. நிறுவனத்தின் நிபந்தனைகளை முற்றாக மாற்றும் வலிமை ஒரு சிறு சங்கத்துக்கு இல்லை. எனினும், எந்நிறுவனம் கைவிட்டாலும் சங்கத்தின் ஆவணங்கள் சங்கத்திடமே எஞ்சத்தக்கதாகத் தன் விதியை அமைக்கும் வலிமை அதற்கு உண்டு. கணக்கு பதவியின் பெயரிலே இருத்தல், கடவுச்சொல் ஒருவருக்கு மேற்பட்ட நிர்வாகிகளுக்குத் தெரிந்திருத்தல், ஒவ்வொரு காலாண்டிறுதியிலும் எல்லாக் கோப்புகளினதும் பிரதியொன்று தனியான வன்தட்டிலே இறக்கப்படுதல் ஆகிய மூன்றும் பணச் செலவு மிக்கவையல்ல, ஒழுங்குணர்வையே வேண்டுபவை.

விதி பழுதுறும் முறையையும் அறிந்திருத்தல் நன்று. எழுதுவினைஞர் நோயுற்றால் அவரது இருக்கை வெறுமையாயிருப்பதைக் கண்டு பிறர் அறிவர். விதியோ ஓசையின்றி நின்றுவிடும். கடவுச்சொல் மாற்றப்பட்டால் அல்லது முன்னர் வழங்கிய அனுமதி காலாவதியானால் மடல்கள் வந்துகொண்டேயிருக்கும். உறை மட்டும் வெறுமையாயிருக்கும். பழுதறிவிப்பு மடல் அனுப்பப்பட்டாலும், எவரும் திறவாத முகவரிக்கு அது செல்லுமாயின் பயனில்லை. ஆகவே மாதத்திற்கொரு முறை சோதனை மடலொன்றை அனுப்பி, அது சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்ததா எனக் காணும் கடமை ஒருவருக்கு விதிக்கப்படல் வேண்டும். தானாக இயங்குவது எனப்படுவது யாதும் தானாகக் கண்காணிக்கப்படுவதன்று.

4. எழுத்தும் பெயரும்

தமிழ்ச் சங்கங்களின் மலரிலே எழுத்தைப் பற்றிப் பேசாதிருக்க முடியாது. இலங்கையின் தமிழ் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினி எழுத்துரு நெடுங்காலமாக வழங்கிவருகின்றது. அவ்வெழுத்துருவிலே தட்டச்சிடப்பட்ட ‘அம்மா’ என்னும் சொல் கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும், கணினியின் நினைவிலே ஆங்கில எழுத்துகளினதும் குறிகளினதும் பொருளற்ற கோவையாகவே கிடக்கின்றது. ‘நன்கொடை’ என்ற சொல்லைத் தேடும் விதி அதனைக் காணமாட்டாது. ஒருங்குறியிலேயும் சிக்கல் முற்றாக நீங்கியதென்பதற்கில்லை. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். கொம்பும் காலுமாக இரு துண்டுகளாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றை இணக்கிப் பார்க்காத பொறிக்கு வேறு வேறு. மேலும், அலைபேசியாற் படம்பிடித்து அனுப்பப்பட்ட உறுதியின் உள்ளடக்கத்தை எளிய விதி வாசிப்பதில்லை; கோப்பின் பெயரையே அது வாசிக்கின்றது. அப்பெயரோ, அலைபேசி இட்ட எண்களின் வரிசை.

வணிகரின் விளக்கக் காட்சியிலே இவையெல்லாம் இடம்பெறமாட்டா. அக்காட்சிகளிலே கோப்புகள் யாவும் ஆங்கிலத்திலே ஒழுங்காகப் பெயரிடப்பட்டே வந்து சேர்கின்றன. ‘பொத்தானை அழுத்தினேன், பயனில்லை’ என்று தீவகத்துச் செயலாளர் சலித்துக் கைவிடுவாராயின், குறை அவருடைய கல்வியிலன்று. அவருடைய மொழியையும் அவருடைய ஊரின் கோப்புகளையும் கருத்திற் கொள்ளாது வகுக்கப்பட்ட ஒழுங்கிலேயே உள்ளது. பரிகாரமோ எளிது. அனைத்தும் ஒருங்குறியிலேயே எழுதப்படல் வேண்டும். ஆண்டு, மாதம், நாள், பொருள், அனுப்பியவர் என்னும் வரிசையிலே கோப்புக்குப் பெயரிடல் வேண்டும். பொருளைக் குறிக்கும் சொற்கள் பத்துப் பன்னிரண்டைச் சங்கக் கூட்டத்திலே தீர்மானித்து, அவற்றையே வழங்கல் வேண்டும். இத்தீர்மானங்களுள் ஒன்றேனும் கணினியைப் பற்றியதன்று. பதிவேட்டைத் தலைப்பிட்டு வைத்த பழைய விதானைமாரும் மணியகாரரும் அறிந்திருந்த ஒழுங்கே அது.

5. மறுப்புகள்

‘முதலிலே படகு வேண்டும், பின்னர் பார்க்கலாம் மின்னஞ்சலை’ என்பது வலிமைமிக்க மறுப்பாகத் தோன்றும். படகு வேண்டும் என்பதிலே ஐயமில்லை. ஆனால் படகு எவ்வாறு கேட்கப்படுகின்றது? கடிதத்தாலே கேட்கப்படுகின்றது. எந்நாளிலே எழுதப்பட்டது, எவருக்கு அனுப்பப்பட்டது, யாது பதில் கிடைத்தது என்பவற்றுக்குச் சான்றில்லாத சங்கம் ஈற்றிலே படகு கேட்கவேயில்லை என்று சொல்லப்படும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே நினைவுகூரத்தக்கது. இலத்திரனியல் முறையிலே எழுதப்படும் கோரிக்கையும் எழுத்து மூலமான கோரிக்கையே என அச்சட்டம் ஏற்கின்றது. கோரிக்கை கிடைத்தமையை எழுத்தில் உடனே ஒப்புக்கொள்ளுமாறும், பதினான்கு வேலை நாள்களுக்குள்ளே தீர்மானத்தை எடுக்குமாறும் தகவல் அலுவலரைப் பணிக்கின்றது. கோரிக்கை அனுப்பப்பட்ட நாளைக் குறித்துவைத்து, பதினான்காவது வேலை நாளிலே செயலாளருக்கும் தலைவருக்கும் நினைவூட்டும் விதியொன்று நிரலின்றியே அமைக்கத்தக்கது. படகுச் சேவையின் பழுதுபார்ப்புக்கு ஒதுக்கப்பட்ட பணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு மறந்துவிடும் சங்கத்தை எவ்வலுவலகமும் அஞ்சுவதில்லை. மறவாத சங்கத்தை அஞ்சும்.

‘மின்னஞ்சல் அறியாத முதியோரின் கதி யாது?’ என்பது இரண்டாவது மறுப்பு. நியாயமான இவ்வினாவுக்கு விடை, கடதாசிக்குரிய வாயிலை அடைக்காதிருத்தலே. முதியவர் சனசமூக நிலையத்துக்குக் கொண்டுவரும் கடதாசியை இளைஞர் ஒருவர் படம்பிடித்துச் சங்கத்தின் முகவரிக்கு அனுப்பினால், அதன்பின் அது பிற கடிதங்களோடு ஒரே வழியிலே செல்லும். மின்னஞ்சல் இருந்தாற்றான் விண்ணப்பிக்கலாம் என்று கட்டளையிடுவது தன்னியக்கமன்று. தள்ளிவைத்தலின் புதிய வடிவம்.

மூன்றாவது மறுப்பு அந்தரங்கம் பற்றியது. மூன்றினுள்ளும் இதுவே கனதியானது. இடைநின்று விதியை இயக்கும் சேவைக்கு அனுமதி வழங்கும்போது, மடல்களைத் திறக்கும் உரிமையையும் அதற்கு வழங்க நேர்கின்றது. காணி உறுதியும், காணாமலாக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயின் விண்ணப்பமும், மாணவியின் மருத்துவச் சான்றிதழும் அம்மடல்களிலே இருத்தல் கூடும். இலங்கையிலே தனியாள் தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டுள்ளதெனினும், ஏட்டிலுள்ள சட்டம் பெட்டிக்குப் பூட்டாகிவிடாது. எனவே நன்கொடைப் பற்றுச்சீட்டு, கூட்ட அறிவித்தல், கோரிக்கைக் கடிதத்தின் பிரதி ஆகிய பொதுக் கருமங்களுக்கு ஒரு முகவரியும், தனியாட்களின் ஆவணங்களுக்கு எவ்விதியும் தீண்டாத வேறொரு முகவரியும் இருத்தல் அவசியமாகும். எதனைத் தன்னியக்கமாக்குவது என்பதைப் போலவே, எதனை ஆக்கலாகாது என்பதையும் வகுப்பதே விதி வகுத்தல்.

இவற்றோடு மற்றொன்றும் சொல்லப்படல் வேண்டும். தகுதியுடையோரைத் தெரிதல், உதவி மறுத்தல், முறைப்பாட்டைத் தீர்த்தல் ஆகியவற்றை விதியிடம் விடலாகாது. புலமைப்பரிசில் விண்ணப்பத்தை உரிய உறையிலே சேர்ப்பதும், கிடைத்ததென அறிவிப்பதும், குறைந்த ஆவணம் எதுவெனக் கேட்பதும் விதியின் பணி. எப்பிள்ளைக்கு வழங்குவது என்பது மனிதர் கூடியிருந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் செய்யவேண்டிய பணி. கடிதம் காவும் வேலையைப் பொறி ஏற்பது, மனிதர் அவ்வேலைக்கு அவகாசம் பெறுவதற்கேயன்றி அதிலிருந்து தப்புவதற்கன்று.

6. செய்யத்தக்கது

தீவகத்துச் சங்கங்கள் பெருந்திட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு சங்கம், ஒரு முகவரி, ஒரு விதி எனத் தொடங்கலாம். நன்கொடை மடல் வந்தால் பற்றுச்சீட்டை உறையிலிட்டு, அனுப்பியவருக்கும் பொருளாளருக்கும் கணக்காய்வாளருக்கும் அறிவிக்கும் அவ்வொரு விதி ஓராண்டு பழுதின்றி இயங்குமாயின், ஊருக்கும் புலம்பெயர்ந்தோர்க்கும் இடையே நிலவும் ஐயங்களுட் பாதி ஒழியும். அவ்விதியைத் தமிழிலே, ஒரு கடதாசியிலே எழுதிச் சங்க மண்டபத்தின் சுவரிலே ஒட்டுதல் வேண்டும். எது வந்தால் எது நிகழும், எவர் அறிவார், பழுதுற்றால் எவரிடம் கூறுவது என்பவற்றை அதனை வாசிக்கும் எவரும் விளங்கிக்கொள்ளல் வேண்டும். விளங்காத விதியைப் பொதுச்சபை ஏற்கலாகாது. ஏற்ற விதியை மாற்றும் அதிகாரமும் பொதுச்சபைக்கே இருத்தல் வேண்டும்.

பல்கலைக்கழகம் செல்லும் தீவகத்து மாணவர்க்கும் இதிலே கடமை உண்டு. கலைப்பீடத்து மாணவர் தமக்குக் கணினி விளங்காது என ஒதுங்குவது இனியும் ஏற்கத்தக்கதன்று. விதி வகுப்பதற்கு வேண்டப்படுவது கணிதமன்று. ஊரின் கருமங்கள் நடைபெறும் முறை பற்றிய அறிவும், அதனைத் தெளிந்த தமிழிலே எழுதும் ஆற்றலுமே. விடுமுறையிலே ஊருக்குச் செல்லும் மாணவர் இருவர் ஒரு வார காலம் செயலாளரோடு அமர்ந்து, வரும் கடிதங்கள் எவை, போகும் கடிதங்கள் எவை, எங்கே அவை தேங்குகின்றன என வரிசைப்படுத்தினால் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். எஞ்சுவது மட்டுமே பொத்தான்.

நயினாதீவிலே கல்லிற் பொறிக்கப்பட்ட விதியைப் படித்தறிந்தோர், விதியில்லாமல் துறைமுகமொன்று இயங்கியதில்லை என்பதை உணர்வர். தீவகத்தின் கடிதங்களுக்கும் விதி இருந்தேயாகும். அதனைத் தீவகத்தார் வகுக்காவிடின் வேறெவரோ வகுப்பர். வகுப்பவர் தம் பங்கை எடுத்துக்கொண்டே எஞ்சியதைத் தருவர். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்து நிகழ்ச்சி நிரலிலே இதற்கென ஓரிடம் ஒதுக்கப்படுதல் அதற்குரிய முதற்படியாகும்.